கணக்குப் பிரிவுக்கு ஒரு விளக்கம்

மதிப்புக்குரிய ஹால்ஷ்கா அம்மையார் அவர்களுக்கு,
வூச் நகர் ஒலிக்கூடத்தின் மூன்றாம் உதவியாள்
ரெமிகியுஷ் எழுதிக்கொள்வது.
சிவப்பு மையில் நீங்கள் சுழித்தனுப்பிய
பற்றுச்சீட்டுகள் கிடைத்தன.
"இது படக் கம்பெனியா, காய்கறி மண்டியா?"
என்ற ஓரக் குறிப்பும்.

முட்டைக்கோஸ், நாற்பது.
நம் படத்தின் கடைசிப் போரில்
முந்நூறு பேர் மண்டை பிளந்து சாகிறார்கள்.
படப்பிடிப்பில் ஒரு மண்டையும் பிளக்கவில்லை.
(ஒருவருக்குப் பல் போனது.
அது சாப்பாட்டு வரிசையில்.)
ஆகவே போகுமிவா அம்மா
ரப்பர் சுத்தியலும் கையுமாக
இரண்டு இரவு போரிட்டார்,
தனியாளாக, இரு தரப்புக்கும்.
பவூட்டி சந்தையில் கடைக்காரி கேட்டாள்:
"வீட்டில் எத்தனை பேர்?"
"முந்நூறு. இன்று ராத்திரியோடு சரி" என்றேன்.
அன்றிலிருந்து என்னைக் கண்டால்
சிலுவைக் குறி போட்டுக்கொண்டுதான் தராசைத் தொடுகிறாள்.

செலரித் தண்டு, ஆறு கட்டு.
தளபதியின் முழங்கை.
ஒரு கைக்கு ஒரு கட்டு போதாதா என்பீர்கள்.
முதல் ஐந்து கட்டும் முறிந்தன, வலிக்கவில்லை.

உருளைக்கிழங்கு மாவு, பத்து கிலோ.
பனி.
ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு
நிஜப் பனி கிடந்தது, மறுக்கவில்லை.
மைக்கைத் தூக்கிப்போய் நடந்தும் பார்த்தோம்.
கேட்ட இயக்குநர்
"யார் பிஸ்கட் தின்பது?" என்றார்.
மாவைத் துணிப்பையில் கட்டிப்
போகுமிவா அம்மா இரண்டு பிசை பிசைந்தார்.
மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
"என் அப்பாவின் பூட்ஸ்."

ரயிலடி முத்தம்: செலவில்லை.
நாயகனுக்குச் சளி, நாயகி வாயில் பூண்டு,
இருவரையும் ஒரே நாளில் வரவழைக்கவே முடியவில்லை.
பத்திரிகைகள் உருகி உருகி எழுதிய அந்தச் சத்தம்
போகுமிவா அம்மா தன் புறங்கைக்குக் கொடுத்தது.
மூன்றாவது டேக்கில் கொஞ்சம் வெட்கப்பட்டார்.
அதைத்தான் வைத்துக்கொண்டோம்.

தொலைதூர இடி: இதற்கும் செலவில்லை.
போருக்கு முந்தைய மௌனத்தில்
எங்கோ உருளுமே,
"விதியின் உறுமல்" என்று ஒருவர் அரைப் பக்கம் எழுதினாரே,
அன்று எங்களுக்குச் சாப்பாட்டுச் சீட்டை
நீங்கள் நிறுத்திவைத்திருந்தீர்கள், அம்மையாரே.
அது அவர் வயிறு.

அடுத்தது கொஞ்சம் சிக்கல்.
குகையில் உறங்கும் டிராகன்
போகுமிவா அம்மாவின் முன்னாள் கணவர் ஸெனோபியுஷ்.
விவாகரத்து வழக்குக்கு ஆதாரமாக
ஒன்பது இரவுகள் பதிவுசெய்த குறட்டை.
கோர்ட்டு ஏற்கவில்லை, இயக்குநர் ஏற்றுக்கொண்டார்.
தியேட்டரில் தன் மூக்கைத் தானே அடையாளம் கண்டு
அவர் ராயல்டி கேட்டிருக்கிறார்.
வக்கீல் கடிதம் இணைப்பில்.
கொடுத்துவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து,
ஏனென்றால் இரண்டாம் பாகம் வருகிறது.
ஆனால் மனிதர் இதற்கிடையில்
மூக்கில் ஆபரேஷன் செய்துகொண்டாராம்.
இப்போது குழந்தைபோலத் தூங்குகிறார்
என்று புது மனைவி போனில் சொன்னாள்.
போகுமிவா அம்மா அரைநாள்
யாரோடும் பேசவில்லை.
பிறகு பழைய டேப்பை எடுத்துத்
தூசி துடைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

கடைசியாக உங்கள் கேள்வி:
"பயன்படுத்திய சரக்கின் மீதி எங்கே?"
முதல் காட்சி இரவு விருந்தில்
ஒரு சூப் கொடுத்தோம், நினைவிருக்கிறதா?
முந்நூறு மண்டை,
ஒரு தளபதியின் முழங்கை,
கெட்டியாக வர, கொஞ்சம் பனி.
மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டீர்கள்.
"யார் சமையல்?" என்று கேட்கவும் செய்தீர்கள்.

மிளகு மட்டும் என் கைக்காசு.
இரண்டு ஸ்லோட்டி.
சீட்டு இல்லை.